ஜெசிந்தாவின் முகத்துக்கு ஒரு லென்ஸ்

அக். 6, திங்கள். தங்கச்சிமடம்

மேகம். காற்று விழுந்துவிட்டது. நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம்.

நான் வாத்தியாராக இருந்த காலத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி காலையிலேயே நினைவுக்கு வந்தது. செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் ஊசித்துளை போட்டு, பின்பக்கம் எண்ணெய்த் தாள் ஒட்டி, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். மரம் தாளில் தலைகீழாக விழுந்தது. "சார், கண்ணுக்குள்ளயும் இப்படித்தான் விழுதுன்னா, யாரு சார் நிமித்தி வைக்கிறது?" மூளை என்றேன். புத்தகத்தில் இருந்த பதில். பிள்ளை திருப்தி இல்லாமல் உட்கார்ந்தது.

நினைவு வந்த காரணம்: கேமரா வாங்கலாமா என்று யோசனை. ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்து.

மெர்லின் தன் அம்மாவின் படம் கேட்டபடி இருக்கிறாள். ஒரே மகள். குவைத்தில் நர்ஸ். வீடியோவில் கூப்பிட்டால் ஜெசிந்தா போனை மேலே பார்த்துப் பிடித்துக்கொள்கிறாள். மகள் பார்ப்பதெல்லாம் மின்விசிறிதான்.

"அம்மா, ஃபேன் நல்லா இருக்கு. ஒங்களக் காட்டுங்க."

"கரண்டு கம்மியா வருதுடி. தெரியாது."

போனில் நானே என்னை எடுத்துப் பார்த்தேன். முகத்தில் மாவு பூசிய மாதிரி வழவழப்பு. சுருக்கம் ஒன்றுகூட இல்லை. அது நான் இல்லை. சாதாரணமான, பழைய கேமரா ஒன்று கிடைத்தால் தேவலை.

வெள்ளிக்கிழமை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை இதுவரை எங்கும் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன். "இருதயம் ரொம்பக் களைச்சுப் போச்சு சார். மிஷின்ல போடுறதுனால ஓடுது. பொண்ண வரச் சொல்றதுன்னா இப்பவே சொல்லிருங்க."

ஜெ. என்னிடம் மாதா மேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள், தன் உடம்பு மோசமாவதை மெர்லினிடம் மூச்சு விடக் கூடாதென்று. பரீட்சை மேல் பரீட்சை எழுதி மகள் இப்போதுதான் நல்ல ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள், பாதியில் வந்தால் வேலை போய்விடும் என்பது ஜெ. கட்சி. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது: மகளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சத்தியம் வார்த்தைக்குத்தான், படத்துக்கு இல்லை என்று மனம் வக்கீல் வேலை பார்க்கிறது.

அக். 7, செவ்வாய்

டயா. நாள். முதல் பஸ். பாம்பன் பாலத்தில் ஜெ. கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றுகிறதாம். கடலுக்குப் போகிறவர் மகள்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் அவளை மிஷினில் போட்டபின் எனக்கு வேலை இல்லை. வராந்தாவில் உட்கார்ந்தால் மற்றவர்கள் கதையெல்லாம் காதில் விழுகிறது. அதனால் பின்தெருவில் சாகுலின் ஸ்டுடியோ. பெரியபட்டினத்துக்காரர், சவூதியில் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். வாய் ஓயாது. பழைய கேமராக்களும் விற்கிறார்.

போனபோது ஃபிளெக்ஸ் வேலையில் இருந்தார். கண்ணீர் அஞ்சலி. ஆதார் அட்டையிலிருந்து ஒரு அம்மாவின் தலையைத் தனியாக வெட்டி, கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருந்த பச்சைப் பட்டுச் சேலை உடம்பின்மேல் ஒட்டினார். முகத்தை வெளுக்க வைத்தார். காதில் கல் தோடு.

"இந்தச் சேலையில எத்தன பேரு போயிருக்காக தெரியுமா சார். கசங்கவே கசங்காது."

"வெளுக்கணுமா சாகுல்?"

"வெளுக்கலன்னா காசு தர மாட்டாக. அவுக வீட்டு ஆளுக்கே அடையாளம் தெரியலன்னாலும் பரவால்ல, கறுப்பா மட்டும் இருக்கக் கூடாது."

கேமரா விஷயத்தில் அவர் சொன்னவை, மறக்குமுன்:

– பெட்டியில் காசைப் போடாதே, கண்ணாடியில் (லென்ஸில்) போடு. பாடி பழசு போதும்.
– 50 மி.மீ. லென்ஸ் ஒன்று. ஜூம் கிடையாது. கிட்டத் தெரிய வேண்டுமானால் கிட்டப் போக வேண்டியதுதான். வீட்டு வெளிச்சத்துக்கு அதுதான் தாங்கும்.
– பழைய லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் பூஞ்சை. தொடாதே.
– ஸ்டாண்டு, ஃபிளாஷ், தோள்பை எதுவும் இப்போது வேண்டாம். ("கல்யாண வீட்டுக்கா போறிய?")
– மெமரி கார்டு ஒன்று, உபரி பேட்டரி ஒன்று.

முதலில் காட்டிய லென்ஸில் டார்ச் அடித்தேன். நூல் இருந்தது. "பாஸாகிட்டிய," என்று சிரித்துவிட்டு வேறொன்று எடுத்தார். யாரோ கல்யாண போட்டோக்காரர் கைமாற்றிவிட்டுப் போன கேமரா. பிடியில் ரப்பர் தேய்ந்து வழுவழு. வாங்கிவிட்டேன்.

வார்டில் ஜெ.க்கு அடுத்த கட்டில் வள்ளியக்கா. உச்சிப்புளி. நல்ல கறுப்பு, நல்ல சிரிப்பு. கையில் பெட்டியைப் பார்த்ததும், "சார், எங்க வீட்டுல நான் இருக்குறது ரேஷன் கார்டுல மட்டுந்தான். என்னைய ஒண்ணு எடுங்க."

"கத்துக்கிட்டு எடுக்குறேம்மா."

"அதுக்குள்ள எனக்குப் பல்லு விழுந்துரும்."

ஜெ. கண்ணைத் திறக்காமலே சொன்னது: "அவரு முப்பது வருஷமா இப்பத்தான் கத்துக்குறேன்னு சொல்லிக்கிட்டிருக்காரு."

அக். 8, புதன்

தூறல். பிறகு வெளுத்தது.

கேமராவைப் புரிந்துகொள்ள எனக்கு நானே நடத்திய வகுப்பு. தெருக்குழாயும் குடமும். குழாயை எவ்வளவு அகலம் திறக்கிறோம்: அப்பர்சர். எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம்: ஷட்டர். குடம் நிறைந்தால் படம் சரி. வழிந்தால் வெள்ளை, குறைந்தால் இருட்டு. லேசாகத் திறந்து நெடுநேரம் வைத்தாலும் நிறையும், முழுக்கத் திறந்து சட்டென்று மூடினாலும் நிறையும். இரண்டும் ஒன்றல்ல: நெடுநேரம் வைத்தால் ஆள் அசைவதும் சேர்ந்து விழும்.

மூன்றாவது ஐஎஸ்ஓ. கோவில் திருவிழா மைக்செட். பேசுகிறவர் குரல் சன்னம் என்று சத்தத்தைக் கூட்டினால் கரகரப்பும் சேர்ந்து கூடும். அதுபோலப் படத்தில் மணல் தூவிய மாதிரி புள்ளி.

பயிற்சி: காக்கா (வாலின் நுனி மட்டும்). கொடியில் துணி. அலுமினியச் சட்டி, நான்கு தடவை. அடுத்த வீட்டுக்காரர் வலை. படகுத்துறையில் ஒருவர், "சாரு, எங்க படம் பேப்பர்ல வருமா?" வராது என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜெ. பக்கம் திருப்பினால் முறத்தால் முகத்தை மறைக்கிறாள்.

சாப்பாட்டில் உப்பில்லை. எனக்கும் சேர்த்து உப்பில்லாமலே வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் எனக்கு மட்டும் தட்டின் ஓரம் கொஞ்சம் வைத்துவிடுகிறாள்.

அக். 9, வியாழன்

கேமராவைக் காணோம். மேசை, பீரோ, கட்டிலடி. ஒரு மணி நேரம் தேடல். அரிசி டிரம்முக்குள் இருந்தது. மூடிபோட்டு, உள்ளே கழுத்துவரை புதைத்து.

"உப்புக் காத்து பிடிச்சா பூஞ்சை வரும்னு நீங்கதான சொன்னிய. அடுத்த வீட்டு அந்தோணி போனு கடல்ல விழுந்தப்ப அரிசியிலதான போட்டு வச்சான்."

"போனு வேற, இது வேற ஜெசிந்தா."

"ரெண்டும் கேமராதான."

லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் நறநற. உள்ளே தவிடு. கோபம் வந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறவள், யாரும் கேட்காமலே அந்த டிரம் மூடியை எப்படித் தூக்கினாளோ.

அக். 10, வெள்ளி

டயா. பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. ஒரு பெண் எழுந்து ஜெ.க்குக் கொடுத்தாள்.

சாகுல் வளையத்தைக் காதருகே வைத்துத் திருப்பிக் கேட்டார். "அரிசிய வடிச்சுச் சாப்பிடுங்க சார், கேமராவ அதுல ஊறவைக்காதீய." ஊதுபம்பு, மெல்லிய பிரஷ். காசு வாங்கவில்லை. மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா பொட்டலம், அவ்வளவுதான் வேண்டும் என்றார். கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் மேலே துடைக்க வேண்டும்.

கேமரா அவரிடம் இருந்ததால் வள்ளியக்காவை எடுக்க முடியவில்லை. செவ்வாய் எடுக்கிறேன் என்றேன். "பவுடர் போட்டுக்கிட்டு வாரேன் சார்." மூச்சு வாங்கியபடி சொன்னது.

ஜெ.க்கு எடை கூடியிருக்கிறது. நீர். கால் மட்டுமில்லை, கண்ணைச் சுற்றியும்.

அக். 12, ஞாயிறு

பூசைக்கு நான் மட்டும். வெயில்.

திரும்பி வரும்போது ஜெ. கொல்லை வாசற்படி அருகே பலகை போட்டு உட்கார்ந்து எனக்காகச் சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கதவு வழியாக ஒரு பக்கத்து வெளிச்சம். உள்ளே விளக்கு இல்லை. ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னம் மெதுவாக நிழலுக்குள். சாகுல் எவ்வளவு பேசியும் புரியாத ஒன்று அப்போது புரிந்தது: வெளிச்சம் முன்னாலிருந்து வந்தால் முகம் தட்டையாகும். பக்கத்திலிருந்து வந்தால்தான் மூக்கு மூக்காக இருக்கும்.

அப்பர்சர் எஃப் 2.8. கிட்ட இருக்கும் கண்ணில் ஃபோகஸ். அவள் குனிந்திருந்தாள். அமுக்கினேன்.

இத்தனை நாளில் எடுத்ததில் சரியாக விழுந்த முதல் படம். நைட்டி, தோளில் துண்டு, நெற்றியில் ஒட்டிய செதில்கூடத் தெரிந்தது. முகம் கனத்து, கண் இடுங்கி, உதடு வெளிறி. அவளேதான்.

சத்தம் கேட்டுவிட்டது. கையைக் கழுவிவிட்டு நீட்டினாள். கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தாள். நான் சொல்லிக்கொடுத்த பொத்தானை அமுக்கிப் பெரிதாக்கியும் பார்த்தாள்.

"நல்லாத்தான் எடுத்திருக்கிய."

"ம்."

"மெர்லினுக்கு அனுப்பத்தான?"

மீன் சட்டியை நகர்த்தி வைத்தேன்.

"அவ நர்சு. நூறு பேரப் பாத்தவ. கண்ணப் பாத்தாப் போதும், நாள் குறிச்சுருவா." குப்பைத்தொட்டி போட்ட பொத்தானைத் தேடி அமுக்கினாள். அழிக்கவா என்று அது கேட்டது. மறுபடி அமுக்கினாள். "சாரு, சத்தியமெல்லாம் ஒங்களுக்கு வாயோட போச்சா."

மீனைக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

அக். 14, செவ்வாய்

டயா. வள்ளியக்கா கட்டிலில் வேறொருவர், நடுத்தர வயது ஆண், போனில் பாட்டுக் கேட்டபடி. சிஸ்டரிடம் ஜெ. கேட்டாள். "இன்னிக்கு வரல" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் வேறு பக்கம் போய்விட்டார்.

சாகுலிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். அழித்த படம் அழிந்ததுதானே?

"இல்ல சார். அந்தக் கார்டுல அதுக்கப்புறம் எதுவும் எடுக்காம இருந்தா மீட்டுறலாம். எங்கிட்ட சாஃப்ட்வேர் இருக்கு. எடுத்துட்டியன்னா, இன்ஷா அல்லாஹ், கெடச்சா உண்டு."

புரிந்துகொண்ட விதம்: வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்தாகிவிட்டது. பையன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். இன்னொருவன் வந்து அந்த இடத்தில் உட்காரும்வரை.

ஞாயிறிலிருந்து நான் ஒன்றும் எடுக்கவில்லை. மனசில்லாமல் எடுக்கவில்லை. நல்லதாகப் போயிற்று. "கொண்டாங்க, பத்து நிமிஷ வேல," என்றார். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொல்லி, கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அக். 15, புதன்

மழை. கடலுக்கு யாரும் போகவில்லை. கரண்டு போய் வந்தது.

மெர்லின் கூப்பிட்டாள். "அப்பா, அம்மா கொரலு ஏன் ஒடஞ்சிருக்கு?" சளி என்றேன். "பொட்டாசியம் பாத்தாங்களா? எவ்வளவு?" பார்த்தார்கள், சரியாக இருக்கிறது என்றேன். இது பொய். அடுத்த அறையில் ஜெ. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பையில் கார்டு. நகத்தளவு. தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் ஓரம் கையோடு பழகிவிட்டது. சாகுலிடம் கொடுத்தால் படம் வரும். அனுப்பினால் மகள் வருவாள். வந்தால் ஜெ. என்னோடு பேசுவாளா தெரியாது. அனுப்பாமல் இருந்து, பிறகு மகள் வந்து என்னிடம் கேட்டால்?

அக். 17, வெள்ளி

டயா. போகும்போது இருட்டு, மழை, பஸ் கண்ணாடி மூடியிருந்தது. திரும்பும்போது வெளுத்திருந்தது. உச்சிப்புளியில் பஸ் நின்றது. எதிரே கடைத்தெருவில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ்.

ஜெ. பார்த்துக்கொண்டே இருந்தாள். "யாரோ பணக்கார அம்மா போல."

எனக்குச் சேலை முதலில் தெரிந்தது. பச்சைப் பட்டு. சாகுல் கம்ப்யூட்டரில் பார்த்த அதே சேலை.

பஸ் கிளம்பும்போது கீழே இருந்த பெயரை ஜெ. எழுத்துக் கூட்டி வாசித்தாள். வள்ளியம்மாள். இன்னொரு தடவை வாசித்தாள். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மறையும்வரை.

"வள்ளியக்கா கறுப்பாச்சே."

"ஆமா."

"பக்கத்துலயே படுத்திருந்தேன். எனக்கே தெரியல."

மண்டபம் தாண்டிப் பாலம் வந்தது. இன்று கண்ணை மூடவில்லை. தண்ணீர் கலங்கல்.

சாகுலிடம் இன்று போனேன். கார்டைக் கொடுக்கவில்லை. அவர் கேட்டார். வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். பையில்தான் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

வள்ளியக்காவை ஒரு படம் எடுத்திருக்கலாம். சுமாராக இருந்திருந்தாலும்.

அக். 18, சனி

மேகமும் வெயிலும் மாறி மாறி. வாடைக்காற்று தொடங்கிவிட்டது.

காலைக் காப்பிக்குப் பிறகு சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னது. அழித்த படத்தை மீட்க முடியும் என்பது. வள்ளியக்கா கட்டியிருந்தது சாகுலின் கம்ப்யூட்டர்ச் சேலை என்பது. கார்டை எடுத்து அவள் முன் வைத்தேன்.

டாக்டர் சொன்னது ஜெ.க்கு முன்பே தெரியும் போல. கார்டைத்தான் பார்த்தாள்.

"இம்புட்டுக் குட்டியிலயா நான் இருக்கேன்."

"நீ சொன்னா மீட்டு அனுப்புறேன். வேணாம்னா இல்ல."

"அது நான் பாக்காதப்ப எடுத்தது. வேணாம்." கார்டை என் பக்கம் தள்ளினாள்: "புதுசா எடுங்க. அவள நான் பாக்குற மாதிரி எடுங்க."

"சேல மாத்திக்கிறியா?"

"எதுக்கு. சேல மாத்துறதுக்குத்தான் ஒங்க சாகுல் இருக்காரே. இருக்குற மாதிரியே எடுங்க. வெளுக்கவும் வேணாம், மறைக்கவும் வேணாம். அப்புறம் அவ போஸ்டர் பாத்து யாரு இதுன்னு கேக்கக் கூடாது."

கார்டைக் கேமராவில் போட்டேன். ஜன்னல் பக்கம் நாற்காலி. டியூப் லைட்டை அணைத்தேன்: இரண்டு வெளிச்சம் கலந்தால் முகத்தில் பச்சை ஏறும். ஜெ. நிமிர்ந்து உட்கார்ந்தாள். டயாலிசிஸுக்கு ஊசி போடுகிற இடது கை, புடைத்து முறுக்கேறியது, எப்போதும் துண்டுக்குள் இருப்பது. அதை எடுத்து மடியில் மேலாக வைத்தாள்.

"கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பு. நாடிய எறக்கு. மூச்ச அடக்காத."

"வகுப்பு முடிஞ்சதும் சொல்லுங்க."

முதல் படம் ஆடிவிட்டது. இரண்டாவதில் கண் மூடிவிட்டாள். மூன்றாவது எடுக்க வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபோது ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வந்தேன். அவள் அசையாமல் காத்திருந்தாள். அமுக்கினேன்.

கேமராவை அவளிடம் கொடுத்தேன். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். திரும்பக் கூப்பிடும்வரை வரவில்லை.

மூன்றாவதை வைத்திருந்தாள். மற்ற இரண்டையும் அழித்திருந்தாள்.

போனுக்கு மாற்ற எனக்கு நேரமானது. கேபிள், அடாப்டர், அது கேட்ட ஏதேதோ கேள்விகள். அனுப்பும் பொத்தானை அவளே அமுக்கினாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. இரண்டு டிக். பிறகு நீலமானது. பதில் வரவில்லை. ஜெ. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்தாள்.

அக். 19, ஞாயிறு

மழை விட்டுவிட்டு. பூசைக்குப் போகவில்லை.

காலையில் மெர்லினிடமிருந்து குரல் செய்தி. அழுது முடித்தபின் பேசியது, குரலில் தெரிந்தது. "பாத்தேம்மா. லீவு எழுதிக் குடுத்துட்டேன். ஆளு இல்லையாம், டிசம்பர்லதான் விடுவாங்களாம். நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க. வந்துருவேன்."

ஜெ. இரண்டாம் தடவை போடச் சொன்னாள். போட்டேன்.

"டிசம்பரா," என்றாள்.

பிறகு எழுந்துபோய் உலையில் அரிசி போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, "அவளுக்கு அந்த ரூம ஒதுக்கிப் போடணும். ஒட்டட கெடக்கு," என்று குரல்.

ஒட்டடை அடித்தேன். முதுகு வலி.

பழக்க தோஷம், வகுப்பு முடிவில் சொல்வதுபோல ஒன்று எழுதி வைக்கிறேன். படம் எடுக்கப் பழகுகிறவர்கள் செய்து பாருங்கள்: எடுக்கப்போவதை அவரிடம் முதலில் சொல்லுங்கள், எடுத்ததும் கேமராவை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் கூப்பிடும்வரை தள்ளிப் போய் நில்லுங்கள்.